கைராசி டாக்டர்

"அதை நீ சொல்லக் கூடாது."

"ஊரே சொல்லுது, நான் சொன்னா மட்டும்…"

"ஊர் என்ன வேணா சொல்லட்டும். நீ சொல்லாதே."

"மெதுவாப் பேசு அக்கா. வெளியே மைக் இருக்கு."

மேடைக்குப் பின்னால், கால் ஒடிந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறை. இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் நினைவுக் கூட்டம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் வந்து பிள்ளை பெற்றுக்கொண்டு போனவர்கள்.

தம்பிக்காரன் தன் பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்திருந்தான். 'என் அம்மாவின் கையில் ஒரு தாய்கூட இறந்ததில்லை' என்று முடிக்க வேண்டும், அங்கே கைத்தட்டுக்காகக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். எல்லாம் தயார். அக்காவிடம் ஒரு தடவை சும்மா சொல்லிக் காட்டினான். அதுதான் வினையாகிவிட்டது.

"ஒருத்தங்க செத்தாங்கடா."

"யார் உனக்குச் சொன்னது?"

"அம்மாதான்."

அவனுக்குச் சுருக்கென்றது.

"பிரசவம் முடிஞ்சு வெளியே வந்ததும் அம்மா முதல்ல என்ன சொல்வாங்க?" என்று அக்கா கேட்டாள்.

அது யாருக்குத்தான் தெரியாது? ஆணா பெண்ணா என்று எல்லோரும் பாய்ந்து வருவார்கள். டாக்டரம்மா இடுப்பில் கைவைத்து நிற்பார். "பெத்தவ எப்படி இருக்கான்னு கேளுங்க. அப்புறம் சொல்றேன்." கேட்கிறவரை வாயைத் திறக்க மாட்டார். வீம்பு பிடித்த ஒரு மாமியார் கடைசிவரை கேட்காமலே இருந்து, பேரனா பேத்தியா என்று தெரியாமலே வீட்டுக்குச் சாப்பிடப் போன கதை ஊரில் பிரசித்தம். சிரிப்புக்காக அதையும் தம்பி தன் பேச்சில் செருகியிருந்தான்.

"அந்தப் பழக்கம் வானத்துலேர்ந்தா குதிச்சுது? ஆரம்பத்துல அம்மாவும் எல்லாரையும் போலத்தான். ஒரு பிரசவம் முடிஞ்சு குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க. மூக்கு யாரு மாதிரி, முழி யாரு மாதிரின்னு சொந்தக்காரங்க சூழ்ந்துக்கிட்டாங்க. அம்மாவும் சின்ன வயசு, சந்தோஷமா நின்னு பேசிக்கிட்டே இருந்துட்டாங்க. உள்ளே பெத்த பொண்ணுக்கு ரத்தம் நிக்காம போய்க்கிட்டிருந்தது."

"நர்ஸ் எங்கே போனாங்க?"

"அவங்களும் குழந்தை பின்னாலயே வாசலுக்கு வந்துட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்ட ஒருத்தர் இல்ல. அம்மா திரும்பிப் போனப்போ எல்லாம் கை மீறிப் போச்சு. அதுவரைக்கும் கொஞ்சினவங்க, தாயை முழுங்கினதுன்னு சொல்லி, அப்புறம் அந்தக் குழந்தையைத் தொடக்கூட இல்ல."

தம்பிக்கு வியர்த்தது. கைக்குட்டையைத் தேடினான். கிடைக்கவில்லை.

"சரி, நடந்துச்சு. நடந்ததுன்னே வெச்சுக்குவோம். இன்னைக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னா யார் குடி முழுகிப் போகுது?"

"திரையை விலக்கி முன்வரிசையைப் பாரு. ஓரத்துல, கைத்தடியோட."

பார்த்தான். தெரிந்த முகம். எப்போதாவது வீட்டுக்கு வருகிறவர். யாரோ பழைய பேஷண்ட் என்று நினைத்திருந்தான். அவர் வந்தால் அம்மா தானே டீ போட்டுக் கொடுப்பார், அவர் உட்கார்ந்திருக்கிறவரை தான் உட்கார மாட்டார். மந்திரியே வந்தாலும் நாற்காலியை விட்டு எழாத அம்மா. இப்போது அந்த மூதாட்டி மேடையில் இருந்த அம்மாவின் படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்துப்போன பொண்ணோட அக்கா. நான்தான் வரச் சொன்னேன்."

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? இன்னைக்கா கூப்பிடணும்?"

"இன்னைக்குத்தான்டா கூப்பிடணும். அவங்களை உக்கார வெச்சுக்கிட்டு, உன் தங்கச்சின்னு ஒருத்தி சாகவே இல்லன்னு மைக்ல சொல்லப் போறியா?"

வெளியே மைக் கொரகொரத்தது. டாக்டரம்மாவின் அருமை மகன் இப்போது பேசுவார் என்றது. கைத்தட்டு எழுந்தது. தம்பி கதவில் கை வைத்தான். இழுக்கவில்லை. மனப்பாடம் செய்த பேச்சில் அந்த ஒரு வரியைப் பிடுங்கிவிட்டால் மற்றதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்போல் இருந்தது. கையை எடுத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினான்.

"சின்ன வயசுலேர்ந்தே உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம். நீ தும்மினா ஆஸ்பத்திரியே வீட்டுக்கு வரும். நான் கை ஒடிஞ்சு வந்து நின்னா, போய் வரிசையில உக்காருன்னாங்க. நானும் டாக்டருக்குத்தானே படிச்சேன்? என்கிட்டதானே இதைச் சொல்லியிருக்கணும்?"

மைக் இரண்டாம் முறை கூப்பிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"சொல்லு அக்கா. உன்கிட்ட மட்டும் எதுக்குச் சொன்னாங்க?"

அக்கா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"அன்னைக்கு அம்மா வாசல்ல தூக்கிக்கிட்டு நின்ன குழந்தை நான்தான்டா."