ஏட்டு மேல் ஒரு மனு

தாஜுதீன் சைக்கிள் கடையின் பின்அறையில் அன்று நாலு பேர். கடைக்காரர் தாஜுதீன் காற்றடிக்கும் பம்பை மடியில் போட்டுக்கொண்டு, வாசலை மறித்தாற்போல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். துளசி மாலை விற்கும் மயிலம்மாள் தரையில், கூடையை அணைத்தபடி. தலையில் துண்டு கட்டிய தொட்டியத்தார் பழைய டயர் அடுக்கின் மேல். இருந்த ஒரே நாற்காலி, மனு எழுத வந்த ரெங்கராஜுக்கு.

உள்ளூர் ஆள் எழுதினால் பொழுது சாய்வதற்குள் ஸ்ரீரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சி கோர்ட்டு வாசலில் எழுதுகிறவரைத் தாஜுதீன் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார். இந்த ஊரில் ரெங்கராஜுக்குப் பெருமாளைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

“யார் மேல மனு?” என்று கேட்டார் ரெங்கராஜ்.

“ஏட்டு வீரமலை மேல,” என்றாள் மயிலம்மாள்.

பேனா நின்றது. போலீஸ்காரர் மேல் என்று தாஜுதீன் பஸ்ஸில் மூச்சு விடவில்லை.

வைகுண்ட ஏகாதசி நெருங்கிக்கொண்டிருந்தது. தெற்கு வாசல் ஓரமாக யார் கூடை வைக்கலாம், யார் சைக்கிள் ஸ்டாண்டு போடலாம் என்பதெல்லாம் ஸ்டேஷன் ஏட்டு விரல் காட்டுவதைப் பொறுத்தது. பகல்பத்து ராப்பத்துக் கூட்டத்தில் விற்றதை வைத்துத்தான் மயிலம்மாள் மற்ற மாதங்களை ஓட்டுகிறாள்.

“ஏகாதசிக்குள்ள இந்த ஏட்டு விஷயம் ஒரு முடிவுக்கு வரணும் ஐயா. இல்லேன்னா என் கூடை காவேரியிலதான் மிதக்கும்.”

ரெங்கராஜ் ஒழுங்கான மனிதர். இடப்பக்கம் ஓரம் விட்டு மடித்து, ‘ஜில்லா போலீஸ் சூப்பிரண்டு துரை அவர்கள் சமுகத்துக்கு’ என்று தொடங்கினார். துரைகள் கப்பலேறி ஒன்பது வருஷம் ஆகியும் அவர் பேனாவை விட்டு அந்தச் சொல் இறங்கவில்லை. பிறகு, ஏட்டு செய்த குற்றம் என்ன என்று கேட்டார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மயிலம்மாள் யோசித்துச் சொன்னாள். பஸ் திரும்பும் இடத்தில் உட்கார்ந்திருந்தவளை ஏட்டு சுவரோரமாகத் தள்ளி உட்கார வைத்துவிட்டாராம். ரெங்கராஜ் அதை ‘வியாபாரத்துக்கு இடையூறு’ என்று எழுதிக்கொண்டார். வாடகை சைக்கிளில் விளக்கில்லை என்று பிடித்தவர், அபராதம் போடாமல் வாயாலேயே வெளுத்து அனுப்பினார் என்றார் தாஜுதீன். அது ‘தகாத வார்த்தைப் பிரயோகம்’ ஆயிற்று.

இரண்டும் சேர்ந்தும் மனு பஞ்சு மாதிரி இருந்தது. லஞ்சம் என்று ஒரு வரி சேர்த்தால் கனமாக இருக்கும் என்று ரெங்கராஜ் தொழில் முறையில் யோசனை சொன்னார்.

தொட்டியத்தார் டயரை விட்டு இறங்கியே விட்டார். “அது வேண்டாங்க. அது வேலைக்கே உலை வெச்சிடும். அந்த அளவுக்குப் போகக் கூடாது.”

“அப்போ நைட் டூட்டியில குறட்டை விடறாருன்னு போடுங்க,” என்றாள் மயிலம்மாள். “பெஞ்சுக்கு அடியில படுக்கற நாய்கூட எழுந்து போயிடுது.”

“யாரோ கிளப்பி விட்டது,” என்று தொட்டியத்தார் முறைத்தார். தாஜுதீன் குனிந்து பம்பை ஆராயத் தொடங்கினார். ரெங்கராஜ் குறட்டையை ‘கடமையில் அயர்வு’ என்று நாசூக்காக எழுதினார்.

மருங்காபுரி ஸ்டேஷனில் ஏட்டு இடம் ஒன்று காலி என்று காதில் விழுந்ததாகத் தாஜுதீன் சொன்னார். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற பக்கம் அது. கேட்டதும் மயிலம்மாள், சீக்கிரம் முடியுங்கள் என்று அவசரப்படுத்தினாள். தள்ளிவிட இடம் தயாராக இருக்கிறது, மனு பலித்துவிடும் என்று ரெங்கராஜுக்கும் உற்சாகம் வந்தது. இருந்தாலும் ஏழை பொம்பளை, பெயர் போடாமல் மொட்டைக் கடுதாசியாக அனுப்பலாமே என்றார்.

“மொட்டைக் கடுதாசின்னா நேரே குப்பைக்கூடைங்க,” என்றார் தொட்டியத்தார். “பேரும் கைநாட்டும் இருந்தாத்தான் விசாரணைன்னு ஒண்ணு வந்தே தீரும்.”

மயிலம்மாள் கையை நீட்டினாள். பிறகு முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “பெருமாள் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?”

“பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ கையைக் கொடு.”

அவள் கட்டைவிரலைத் தொட்டியத்தார் மைப்பெட்டியில் புரட்டினார். காகிதத்தின் மேல் இடமிருந்து வலமாக ஒரே உருட்டு, எடுத்துவிட்டார். ஒரு கோடு கலங்கவில்லை. இத்தனை வருஷத்தில் கோர்ட்டு வாசலில் இவ்வளவு சுத்தமான ரேகையை ரெங்கராஜ் எடுத்ததில்லை.

மனு மடிக்கப்பட்டு உறைக்குள் போயிற்று. தாஜுதீன் பஞ்சர் ஒட்டுகிற பசையைத் தடவி வாயை ஒட்டினார். “இனி பிரிக்கணும்னா கத்திதான் வேணும்,” என்றார். ஸ்டாம்பும் ஒட்டியாயிற்று.

அப்போதுதான் ரெங்கராஜுக்கு உறைத்தது. எழுதியது தன் கை. நாளைக்கே அந்த ஏட்டு பாலத்தைத் தாண்டி வந்து கோர்ட்டு வாசலில் தேடினால்? உறையோடு கிளம்பிய தொட்டியத்தாரின் பின்னாலேயே தபால் பெட்டி வரைக்கும் போனார்.

“என் கையெழுத்து அந்த ஏட்டு கண்ணுல பட்டா, என்னைச் சும்மா விடுவாருங்களா?”

தொட்டியத்தார் உறையைப் பெட்டிக்குள் போட்டார். விழுந்த சத்தம் கேட்டதா என்று காதை வைத்துப் பார்த்துக்கொண்டார். அப்புறம் தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டபடி, நிம்மதியாகச் சொன்னார்:

“விசாரணை முடியற வரைக்கும் இனிமே என்னை மருங்காபுரிக்கு மாத்த முடியாதுங்க.”