மலை பார்க்க வந்தவர்

"ட்ராலியில ஏறுனா கிறிஸ்மஸ் தாத்தா பக்கத்துலதான் உக்காருவேன், டீச்சர். இல்லன்னா எனக்கு வேண்டாம்."

பூதத்தான் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தலை முழுக்க நரைத்த மனுஷன். வரிசையில் அவருக்கு முன்னாலும் பின்னாலும் நின்றதெல்லாம் பொடிசுகள்.

ஸ்வீட்லின் டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

டிசம்பர் வந்தால் திருநெல்வேலி, பாளையங்கோட்டை ஆட்களை மலையடிவாரத்துக்கு ரயிலில் கூட்டிப்போவது அவளுடைய சபையின் வழக்கம். ஒரு பெட்டி முழுக்க நட்சத்திரமும் பலூனும் கட்டி, பாடிக்கொண்டே பகவதிபுரம் வந்து இறங்குவார்கள். ஸ்டேஷனை ஒட்டி, ரயில் ஓடாத பழைய தண்டவாளத்தில் ஒரு ட்ராலி ஜோடித்து நிற்கும். பலகையில் இரண்டு பேர் உட்காரலாம். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். மரங்களுக்குள் போய் ஒரு வளைவு தாண்டித் திரும்பி வந்தால் முடிந்தது.

எந்த மதத்துக்காரரும் வரலாம். அப்படித்தான் பூதத்தானும் வருஷா வருஷம் சேரன்மகாதேவியில் ஏறுவார். பாட்டில் சேர மாட்டார். மடியில் ஒரு தூக்குவாளியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் தனியே உட்கார்ந்திருப்பார். எதற்கு வருகிறீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான், மலையைப் பார்க்க.

"சேரன்மகாதேவியில உங்க வாசல்ல நின்னாலே மலை தெரியுமே, அண்ணாச்சி" என்று போன வருஷம் ஸ்வீட்லின் கேட்டிருக்கிறாள்.

"அது வேற மலை" என்றார்.

இன்று ரயிலில் கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததில் மனுஷன் வாயைத் திறந்தார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள், பெயர் முத்துராணி. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். இவர் ஆத்திரத்தில் குலசாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டார். அவள் கல்யாணம் முடித்துப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டாள். இவர் தனிக்கட்டை. சமைக்கிற அன்றைக்குச் சமையல், இல்லாத நாளைக்குப் பன்னும் டீயும்.

கோபம் தீர்ந்துவிட்டதல்லவா, போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்றாள் ஸ்வீட்லின்.

"சூடம் அணைச்சுச் சொன்ன சொல்லு, டீச்சர். மீறுனா எனக்குன்னா பரவால்ல. அவளுக்குல்லா ஆகாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அந்த மனுஷன்தான் சின்னப்பிள்ளை மாதிரி தாத்தா பக்கத்தில் இடம் கேட்டு நிற்கிறார். கிறிஸ்மஸ் தாத்தா வாயைத் திறக்கக் கூடாது என்பது சபையில் பழைய கட்டுப்பாடு. குரல் கேட்டால் ஆள் யாரென்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி வைத்த முகமூடி, கையுறை, வயிற்றில் தலையணை. வேஷம் கட்டுவது ஆணா பெண்ணா என்றுகூட வாலிபர் கூட்டத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. எதிர்ப்பேச்சு பேசாத ஒரு ஆளிடம் மனதிலுள்ளதைக் கொட்ட ஆசைப்படுகிறார் போல என்று ஸ்வீட்லின் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் இந்த வருஷம் கூட்டம் அதிகம். தாத்தா ட்ராலியில் ஏறுவதில்லை, கீழே நின்று மிட்டாய் மட்டும் கொடுப்பார் என்று முடிவு செய்திருந்தார்கள். அதை அவள் பைய எடுத்துச் சொன்னாள்.

பூதத்தான் வரிசையை விட்டு விலகினார்.

பேரனோடு நின்ற ஒரு பெரியவருக்கு வேடிக்கையாக இருந்தது. "நீரே ஒரு தாத்தா. உமக்கு எதுக்கு வே இன்னொரு தாத்தா?"

"தாத்தான்னு கூப்பிட ஆளு வேணும்லா, வே" என்றார் பூதத்தான். பெரியவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஜோடி ஜோடியாக ஏறிப் போய் வந்தார்கள். பூதத்தான் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு புங்கமரத்தடியில் நின்றார். கடைசி ஜோடியும் இறங்கியது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, எல்லாரும் பிளாட்பாரத்துக்கு வாருங்கள் என்று ஸ்வீட்லின் கூப்பிட்டாள். அவரும் நடக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் கிறிஸ்மஸ் தாத்தா மிட்டாய்ப் பையைக் கீழே வைத்தது. நேரே வந்து பூதத்தானின் கையைப் பிடித்தது. ட்ராலியைக் காட்டியது.

நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்த ஸ்வீட்லின், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ஒரே ஒரு நடை, சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று தள்ளுகிறவர்களிடம் சொல்லி அனுப்பினாள்.

ட்ராலி கடகடவென்று மரங்களுக்குள் நுழைந்தது. ஸ்டேஷனில் பாடிய பாட்டு மங்கிக்கொண்டே வந்தது. பூதத்தான் தூக்குவாளியைத் திறந்தார். உள்ளே முந்திரிக்கொத்துப் பலகாரம். நேற்று முழுக்க அடுப்படியில் நின்று அவரே சுட்டது, பாதி கருகியிருந்தது. எடுத்துத் தாத்தாவின் கையுறை போட்ட கையில் வைத்தார். தாத்தா அதை முகமூடியின் வாய்வரை கொண்டுபோய்விட்டு மடியில் இறக்கியது.

வளைவு தாண்டியது. ஸ்டேஷன் மறைந்தது. எதிரே மலை, பாதிவரை மஞ்சு மூடி நின்றது.

பூதத்தான் பலகையில் நகர்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"முகமூடியக் கழட்டிட்டுத் தின்னு, முத்துராணி. நான் மலையத்தான் பாக்கேன்."