மணல்திட்டில் இரண்டு நாய்கள்

கடல் வற்றும்போது இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு மணல்திட்டு தெரியும். அங்கேதான் வடதீவு நாயும் தென்தீவு நாயும் சந்தித்துக்கொள்ளும்.

"எங்க ஊர்ல விடிய விடிய விளக்கு எரியும். நாய்க்குக்கூட ஆஸ்பத்திரி இருக்கு. உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்றது வடதீவு நாய்.

"பெருசா ஒண்ணுமில்லண்ணே. கடலுக்குப் போன எல்லாரும் திரும்புற வரைக்கும் யாரும் சாப்பிட மாட்டாங்க. நாங்களும் பசியோட கெடப்போம்."

"அடப்பாவமே."

பேச்சு சுவாரசியத்தில் இருட்டியதும் தெரியவில்லை, கடல் ஏறியதும் தெரியவில்லை. தண்ணீர் வயிற்றைத் தொட்டபோது தென்தீவிலிருந்து ஒரு தோணி வந்தது.

"கருவாயா, எங்கடா போன? ஊர்ல இன்னும் ஒருத்தரும் சாப்பிடல" என்று திட்டிக்கொண்டே தோணிக்காரன் இரண்டையும் தூக்கிப் போட்டுக்கொண்டான்.

வடதீவு நாய் திரும்பிப் பார்த்தது. அதன் ஊரில் எல்லா விளக்கும் எரிந்தன. கரையில் யாரும் இல்லை.

"தம்பி, உங்க ஊர்ல இன்னொரு நாய் பசியோட கெடக்க எடம் இருக்குமா?"