சிந்துஜாவுக்கு மெட்ராஸ் ஐ

"யார் கேட்டாலும் மெட்ராஸ் ஐன்னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்காதே" என்று மகளின் முகத்தில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாள் அருணாதேவி.

சிந்துஜாவால் வலது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் போடுவதற்காகப் போன வாரம்தான் சென்னைக்குப் போய் லேசர் செய்துகொண்டு வந்தாள். இப்போது கண் சிவந்து, வீங்கி, பீளை தள்ளியது. வலி தாங்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நேற்றிலிருந்து கெஞ்சுகிறாள்.

"தட்டு மாத்திட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பட்டும். அடுத்த பஸ்ல போயிடலாம்" என்றாள் அம்மா.

அப்பா சக்திவேல் வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. பெண் கண்ணாடி போட்டவளாக இருக்கக் கூடாது என்று மட்டும்தான் சொன்னார்கள். இவ்வளவு நல்ல சம்பந்தத்தை ஒரு கண்ணுக்காக விட்டுவிட முடியுமா?

உள்ளூர் டாக்டரிடம் காட்டினால் விஷயம் வெளியே போய்விடும். அதனால் மெடிக்கல் ஷாப்பில் மெட்ராஸ் ஐக்குக் கொடுக்கிற சொட்டு மருந்தை வாங்கி ஊற்றியாயிற்று.

வேங்கிக்காலில் சிந்துஜாவின் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. மெட்ராஸ் ஐ என்று கேட்டதுமே மாப்பிள்ளை வீட்டார் சுவரோரமாக ஒதுங்கினார்கள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாம். மாப்பிள்ளையின் சித்தப்பா கேசரியையே பார்த்தபடி, பெண் நல்ல லட்சணம் என்றார்.

மாப்பிள்ளை புகழேந்தியின் அம்மா ரேணுகாம்பாள் மட்டும் எழுந்து பெண்ணிடம் வந்தாள்.

அருணாதேவி குறுக்கே பாய்ந்தாள். "கிட்ட போவாதீங்க சம்பந்தி, உங்களுக்கும் ஒட்டிக்கும்."

ரேணுகாம்பாள் காதில் வாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைத் தானே கழற்றி, இமையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"லேசர் பண்ணியாம்மா?"

சிந்துஜா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.



"தட்டை அப்புறம் மாத்திக்கலாம். புகழு, வேனை எடுக்கச் சொல்லு, பாண்டிச்சேரி கண்ணாஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள் ரேணுகாம்பாள். "இது மெட்ராஸ் ஐ இல்லீங்க. கிருமி பூந்திருக்கு. இன்னும் தள்ளிப்போட்டா கண்ணே போயிடும். எங்க பையனுக்கு லேசர் பண்ணப்பவும் இப்படித்தான் ஆச்சு."

"மாப்பிள்ளைக்கா?" என்றாள் அருணாதேவி.

"ஆமா. சோடாபுட்டி போட்டுக்கிட்டிருந்தான். ரெண்டு பேருக்கும் கண்ணாடின்னா பொறக்கிற புள்ளைக்கும் வந்துடுமேன்னுதான் அப்படிக் கேட்டேன். என் புத்தி அப்படிப் போச்சு. நீ ஏறும்மா முதல்ல."

வேன் செஞ்சி ரோட்டில் பறந்தது. முன் சீட்டில் ரேணுகாம்பாள் சிந்துஜாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் கண்ணைக் கசக்கிவிடாதபடி கையைப் பிடித்திருந்தாள்.

பின் சீட்டில் அருணாதேவி கணவரின் காதோரம் குனிந்தாள்.

"பாத்தீங்களா, கண்ணாடி போட்ட மாப்பிள்ளையாம். எவ்ளோ அழுத்தமா மறைச்சிருக்காங்க. இவங்களை நம்பி எப்படிங்க பொண்ணு குடுக்கிறது?"