பழைய ஒயரின் நுனி

சேவியர் இறந்த பிறகும், அவன் வேலைவிட்டு வரும் நேரத்துக்கு வாசல் விளக்கு தானாக எரிந்தது. சுவருக்குள் ஓடிய ஒயர்கள் அவனுடைய பழக்கத்தைக் கற்றிருந்தன. மனைவி ஜெசிந்தா அதை நிறுத்தவில்லை.

சுவரைத் தொட்டாலே ஷாக் அடிக்கத் தொடங்கியதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள்.

“பூரா ஒயரும் தீஞ்சிருக்கும்மா. மாத்தியே ஆகணும்.”

“புது ஒயருக்கு எங்க வீட்டுக்காரரத் தெரியுமா?”

“யாரையும் தெரியாது. நீங்கதான் பழக்கணும்.”

பழைய ஒயரின் நுனியில் புதியதைக் கட்டி, குழாய் வழியாக இழுத்து மாற்றிவிட்டுப் போனார்.

அன்று முதல் அதே நேரத்துக்கு ஜெசிந்தாவே வாசல் விளக்கைப் போட்டாள். ஒருநாள் அது தானாக எரிந்தது. அழுகையோடு முகம் கழுவப் போனாள்.

குளியலறை ஹீட்டரில், வேலைவிட்டு வந்ததும் அவன் குளிக்கும் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவள் பழக்கவேயில்லை.