ஒரு டப்பா வைட்டமின்

“அது உன் பிள்ளைக்கு ஆகாதும்மா. வெள்ளிக்கிழமை வந்து பாரு.”

மருந்துக் கடை ரகுபதி சொன்னது, கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்த மாணிக்கவாசகத்தின் காதில் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? அந்தக் கடையில் ஏதாவது தப்பு நடக்காதா என்று ஒன்பது வருஷமாகக் காத்திருப்பவர் அவர். உஸ்மான் ரோட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிற மனுஷரை, அதுவும் சம்பந்தி பக்கத்தில் நிற்கும்போது, “வரிசையில வாங்க” என்று அன்றைக்குச் சொல்லிவிட்டான் ரகுபதி. சம்பந்தி சிரித்தார். சம்பந்தியை மாணிக்கவாசகம் அப்புறம் மன்னித்துவிட்டார். ரகுபதியை இல்லை.

எட்டிப் பார்த்தார். இடுப்பில் மூன்று வயசுப் பிள்ளையோடு தேவானை நின்றாள். அடையாற்று ஓரத்துக் குடிசைக்காரி. பிள்ளையின் கண் மஞ்சளாக இருந்தது.

“வைட்டமின் ஈ ஒரு நாளுகூட நிறுத்தாதேன்னு டாக்டரு சொல்லிக்கிறாரு நைனா. சொட்டு மருந்து பத்து நாளா இல்லைன்றே. தோ, அலமாரியில கீதே மாத்திரை, அதுவும் அதே வைட்டமினுதானே? துட்டு கீது, குடேன்.”

“துட்டுக்குச் சொல்லலை. இது வேணாம். போயிட்டு வா.”

அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே காரிலிருந்து ஓர் அம்மாள் இறங்கிப் போய்க் கேட்டதும், அதே அலமாரியைத் திறந்து அதே மாத்திரை டப்பாவைக் கொடுத்தான் ரகுபதி.

மாணிக்கவாசகத்துக்கு உச்சந்தலை சுட்டது. கிழிந்த புடவைக்கு ஆகாதது காரில் வந்தால் ஆகுமா? பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்திலுமா ஆள் பார்ப்பான்?

ஒன்பது வருஷம் கழித்து அந்தப் படியில் ஏறினார்.

“வைட்டமின் ஈ மாத்திரை ஒரு டப்பா.”

“உங்களுக்கா?”

“ஏன், என் மூஞ்சிக்கும் ஆகாதோ? கெண்டைக்கால் இழுக்குது. எடும்.”

ரகுபதி எடுத்துக் கொடுத்தான்.

வெளியே தேவானை பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்தாள். ஓடிப்போய் டப்பாவை அவள் கையில் திணித்தார்.

“முப்பது இருக்கு தாயி. பிள்ளைக்குத் தினம் ஒண்ணு கொடு. இனிமே இவன்கிட்ட வந்து கெஞ்சாதே.”

“நீ நல்லாருக்கணும் நைனா” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

மாணிக்கவாசகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

“அந்த டப்பாவை அவகிட்டதான் கொடுத்தேன். என்ன செய்வீர்? ஏழைன்னா உமக்கு அவ்வளவு இளப்பமா?”

ரகுபதி பதறிப்போய்த் தெருவுக்கு ஓடி வந்தான்.

“பஸ் போயிடுச்சா?”

“போயாச்சு.”

“ஐயா, அந்தப் பிள்ளைக்குக் கல்லீரல்லேருந்து பித்தம் குடலுக்கு இறங்கலை. பித்தம் இல்லேன்னா எண்ணெய் உடம்புல சேராது. இந்த மாத்திரைக்குள்ள இருக்கிறது எண்ணெய். உங்களுக்குச் சேரும், கார்ல வந்த அம்மாவுக்குச் சேரும். அந்தப் பிள்ளை எத்தனை முழுங்கினாலும் அப்படியே வெளியே போயிடும். தண்ணியில கரையற சொட்டு மருந்துதான் அதுக்குக் கொஞ்சமாவது ஒட்டும். இந்த வைட்டமின் சேரலேன்னா நரம்பு கெட்டுப்போகும்; இப்பவே பிள்ளைக்கு நடை தள்ளாடுது. பம்பாய்க்கு நானே பணம் கட்டி அந்தச் சொட்டு மருந்தை வரவழைக்கிறேன். வெள்ளிக்கிழமை வருது.”

மாணிக்கவாசகத்தின் குரல் இறங்கியது.

“அவ வீடு எங்கே?”

“ஆத்தோரம்னு தெரியும். அங்கே எந்தக் குடிசைன்னு யாரு கண்டா?”

“வெள்ளிக்கிழமை அவளே வருவாள்ல?”

“எதுக்கு வருவா? ஒரு மாசத்துக்கு மருந்து இருக்குன்னு நிம்மதியாப் போறா.”