காணாமல் போன ஷூ

"ஷூ வீட்டுலயேதான் இருந்துச்சும்மா. எங்களை மன்னிச்சிடுங்க" என்றாள் பேங்க் மேனேஜரின் மனைவி, வாசலில் நின்றபடியே.

மேனேஜர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பூங்காவைப் பெருக்கும் பெண்ணின் வீடு அது. ஒற்றை அறை. அவளுடைய பச்சை யூனிஃபார்ம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. திருப்பிக் கொடுப்பதற்காகத் துவைத்தது.

"உள்ள வாங்க மேடம். சார், நீங்களும் வாங்க."

இருந்த ஒரே நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள். அவர் கூசியபடியே உட்கார்ந்தார்.

மனைவிதான் பேசினாள். "வெறும் பாதம் மண்ணுல பட்டா பிரஷர் குறையும்னு யாரோ சொன்னாங்களாம். ஒரு வாரமா உங்க பூங்காவுல ஷூவைக் கழட்டி வச்சிட்டு, புல்லுல வெறுங்காலோட நடக்கிறார். நேத்து வீட்டுலேர்ந்தே வெறுங்காலோட கிளம்பியிருக்கார். அதை மறந்துட்டு, ஷூவைக் காணோம்னு ஊரைக் கூட்டி, உங்க பையை வேற... சாயந்திரம் நான் அலமாரியைத் திறந்தா, அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு!"

நேற்று அந்தப் பையிலிருந்து கொட்டியதெல்லாம் மேனேஜரின் கண்முன் வந்தது. சாப்பாட்டு டப்பா, பல் உடைந்த சீப்பு, ஒரு மாற்று உள்ளாடை. சுற்றி இருபது பேர். உள்ளாடையை மட்டும் அந்தப் பெண் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கே உங்களை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்" என்றாள் மனைவி.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றி மேடம். மறதி யாருக்குத்தான் இல்ல?"

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று மனைவி அவரை இடித்தாள்.

"மன்னிச்சிடும்மா. எனக்கு... சுத்தமா ஞாபகமே இல்ல" என்றார், தரையைப் பார்த்து.

செல்போன் ஒலிக்க, மனைவி பேசிக்கொண்டே தெருவில் இறங்கினாள். விட்டால் போதுமென்று அவரும் எழுந்தார்.

"சார்" என்று அந்தப் பெண் தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். "மேடம் முன்னால கேட்க வேணாம்னுதான் இருந்தேன். 'ரோட்டுல போட்ட புதுத் தார் உங்க பாதத்துல ஒட்டியிருக்கு சார், வெறுங்காலோடதான் வந்திருக்கீங்க'ன்னு நேத்து உங்க காதுகிட்ட வந்து சொன்னேன். நீங்களும் காலைத் தூக்கிப் பார்த்தீங்க. அதுக்கப்புறம்தானே சார், என் பையைக் கொட்டச் சொன்னீங்க?"